குவாங்சோவில் வாடகை வீடு: புதுநகரா, பான்யூவா, பழைய நகரமா?

திருப்பூரிலிருந்து அக்கா மகன் போன வாரம் கூப்பிட்டான். "கம்பெனியில குவாங்சோவுக்கே போய் இருக்கச் சொல்லிட்டாங்க மாமா. மூணு வருசம். வீடு எந்தப் பக்கம் பாக்கறதுங்க?" கேட்ட கையோடு, தரகர் அனுப்பிய ஐந்து படங்களையும் எனக்குத் தள்ளிவிட்டான். ஐந்தும் முப்பதாவது மாடிக்கு மேலே. ஐந்திலும் ஜன்னலுக்கு வெளியே கேன்டன் டவர். 600 மீட்டர் உயரம், ஊரில் பல இடங்களிலிருந்து தெரியும். நம் ஊர் மனை விளம்பரத்தில் 'பேருந்து நிலையத்துக்கு மிக அருகில்' என்று போடுவதைப் போல இங்கே தரகர்கள் அந்தக் கோபுரத்தைப் போடுவார்கள்.

தென் சீனாவில் இருக்கும் இந்த ஊரில் எனக்கு இது 12ஆம் வருடம். ஹைசூ வட்டாரத்தில் இருக்கும் ஜோங்தா துணிச் சந்தையில் ஜிப், பட்டன், லேஸ், எலாஸ்டிக் பார்த்து வாங்கித் திருப்பூருக்கு அனுப்புவது வேலை. இதற்குள் நான்கு வீடு மாறியாயிற்று. முதலில் லிவானில், அப்புறம் ஜூஜியாங் புதுநகரில், பிறகு பான்யூவில், இப்போது யுவேசியுவில். மாப்பிள்ளைக்குப் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். குறைந்தது ஒரு வருடமாவது வாடகைக்கு இருக்கப் போகிறவர்களுக்குத்தான் இது. கேன்டன் வர்த்தகக் கண்காட்சிக்கு வந்து போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதலில் இரண்டு காகிதம்

எந்தப் பேட்டை என்பதெல்லாம் அப்புறம். வெளிநாட்டுக்காரன் ஒருவன் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, காவல் நிலையப் பதிவுக்கு ஒத்துழைப்பாரா என்பது. ஹோட்டலில் தங்கினால் ஹோட்டலே பதிந்துவிடும். வேறு எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நாம் பதிய வேண்டும், சட்டமே அப்படி. வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் சொத்துப் பத்திர நகல், அவருடைய அடையாள அட்டை நகல் எல்லாம் கேட்பார்கள். கிடைக்கிற அந்த ஒற்றைத் தாள்தான் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டியது. "அதெல்லாம் எதுக்கு, யாரும் கேக்க மாட்டாங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஃபாபியாவ். வரித்துறைக் கணக்கில் ஏறும் ரசீது அது. வெளிநாட்டு ஊழியருக்குக் கம்பெனி கொடுக்கும் வாடகைப்படிக்கு இங்கே வருமான வரி விலக்கு உண்டு. 2021 கடைசியோடு நிறுத்தப் போவதாக இருந்தார்கள். இரண்டு முறை நீட்டி இப்போது 2027 டிசம்பர் வரை ஓடுகிறது. ஆனால் விலக்கு வேண்டுமென்றால் ஃபாபியாவ் வேண்டும். அது வேண்டுமென்றால் வீட்டுக்காரர் வரி கட்ட வேண்டும். ஆகவே தரகர் ஒரே வீட்டுக்கு இரண்டு வாடகை சொல்வார், ரசீதோடு ஒன்று, ரசீது இல்லாமல் ஒன்று. குறைந்த தொகையைப் பார்த்து மயங்காமல், கம்பெனிக் கணக்காளரிடம் ஒரு தரம் கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். முதல் வருடம் இது தெரியாமல் நான் விட்ட பணத்தில் ஒரு நல்ல தையல் மிஷின் வாங்கியிருக்கலாம்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்? இந்த ஊர் வழக்கம், இரண்டு மாத வாடகை முன்பணம், ஒரு மாத வாடகை கையில். தரகர் என்னிடம் வாங்கியது அரை மாத வாடகை. மொத்தம் மூன்றரை மாத வாடகை. 9,000 யுவான் வீட்டுக்குச் சாவி வாங்க 31,500 வேண்டும். 3,800 யுவான் வீட்டுக்கு 13,300 போதும். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே இது கையை விட்டுப் போகும்.

ஜூஜியாங் புதுநகர்

படத்தில் வந்த வீடுகள் இங்கேதான். கண்ணாடிக் கோபுரங்கள், ஓபரா அரங்கம், பெரிய நூலகம். அந்த நூலகம் மட்டும் எனக்கு இன்னமும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் தரையில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

நான் வேலை செய்யும் ஜோங்தா சந்தைக்குப் பக்கத்து மெட்ரோ நிலையம் லூஜியாங். இங்கிருந்து அங்கே போவது மிகச் சுலபம். 3ஆம் தடத்தில் இரண்டு நிலையம், கசுனில் இறங்கி 8ஆம் தடத்தில் ஒரு நிலையம். கால் மணி நேரம். மாடிக்கு லிஃப்ட், வாசலில் காவலாளி, கீழே இறக்குமதிச் சாமான் கடை. சீன மொழி ஒரு வார்த்தை தெரியாமல் இரண்டு வருடம் ஓட்டலாம். நான் ஓட்டினேன். அதுதான் என் புகாரும்கூட. பக்கத்து வீட்டுக்காரர் முகம் எனக்குக் கடைசி வரை தெரியாது. லிஃப்டில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் இருந்த குடியிருப்பில் வாசல் கதவு முகத்தைப் பார்த்துத் திறக்கும். ஆனால் பதிவு செய்யும் இடத்தில் பதினெட்டு இலக்கச் சீன அடையாள எண்தான் போட முடியும், பாஸ்போர்ட் எண் ஏறாது. இரண்டு வருடமும் வேறு யாராவது வரும்வரை காத்திருந்து அவர்கள் பின்னாலேயே நுழைந்தேன்.

2018 செப்டம்பர் 16, மாங்குட் புயல். நகரம் முழுவதும் வேலையையும் வியாபாரத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 31ஆம் மாடியில் ஜன்னல் கண்ணாடிக்குக் குறுக்கே டேப் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம். காற்றின் சத்தத்துக்குப் பழகிவிட்டோம். மூலையில் இருந்த தண்ணீர்க் கேனுக்குள் தண்ணீர் மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்ந்ததைப் பார்த்ததும் என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். உயரமான கட்டடம் ஆடத்தான் வேண்டும், ஆடாவிட்டால்தான் ஆபத்து என்று கதவுக்கு வெளியே நின்று விளக்கினேன். பதில் வரவில்லை.

இரண்டு அறை வீட்டுக்கு அப்போது 9,000 கொடுத்தோம். வேலை கடுமையானது, இரண்டே வருடம், கம்பெனி வாடகை தருகிறது, வீட்டுக்கு வருவது தூங்க மட்டும்தான் என்றால் இதை எடுங்கள். என் கைப்பணத்தில் என்றால் மாட்டேன்.

நகருக்குள் இருக்கும் கிராமங்களை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். நகரம் சுற்றி வளர்ந்து விழுங்கிய பழைய கிராமங்கள் இவை. கட்டடங்கள் அவ்வளவு நெருக்கம், எதிர் வீட்டுக்காரரோடு ஜன்னல் வழியாகக் கை குலுக்கலாம் என்பதால் 'கைகுலுக்கும் கட்டடம்' என்றே பெயர். ஜோங்தாவுக்குப் பக்கத்திலேயே காங்லே கிராமம் இருக்கிறது. ஹூபெய் மாகாணத்துக்காரர்கள் நிறைய. முதலாளிகள் தெருவோரம் தைத்த மாதிரி உடுப்பு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்க, தையல்காரர்கள் துணியைத் தடவிப் பார்த்துக் கூலி பேசுவார்கள். திருப்பூர்க்காரனுக்கு அந்தத் தெரு சொந்த ஊர் மாதிரி. வேலைக்கு நடந்தே போகலாம், 1,200 யுவானுக்கு அறை கிடைக்கும். ஆனாலும் வேண்டாம். பகலிலும் விளக்குப் போட வேண்டும், தீப்பிடித்தால் ஓட வழியில்லை, பத்திரம் இல்லாத வீடாக இருந்தால் முதலில் சொன்ன இரண்டு காகிதமும் இழுபறிதான்.

பான்யூ

இது தெற்கே, ஆற்றைத் தாண்டி. ஒரு காலத்தில் ஹாங்காங்காரர்கள் வார இறுதிக்கு வீடு வாங்கிப் போட்ட பக்கம். 1991இல் கட்டத் தொடங்கிய சிஃபு குடியிருப்பு ஒரு தனி ஊர் மாதிரி, உள்ளேயே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. நாங்கள் இருந்தது ஹான்சி சாங்லோங் நிலையத்துக்குப் பக்கம். மூன்று அறை, லிஃப்ட், நீச்சல் குளம், 4,200 யுவான். புதுநகரில் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

லூஜியாங்குக்கு 3ஆம் தடத்தில் நேராகக் கசுன், அப்புறம் ஒரு நிலையம். கணக்குப்படி அரை மணி நேரம். காலை எட்டு மணிக்கு அந்தக் கணக்கு செல்லாது. நிலையத்துக்கு வெளியே இரும்புத் தடுப்புக்குள் பாம்பு மாதிரி வளைந்து நிற்க வேண்டியிருக்கும்; கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள். இந்தத் தடத்தின் நடுவே இருக்கும் தியூ ஷி நிலையத்தை உள்ளூர்க்காரர்கள் முதல் எழுத்தைத் திரித்து 'டியூ ஷி' என்பார்கள், 'டியூ' என்றால் நரகம். 2021 செப்டம்பரில் 18ஆம் தடம் வந்தது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். பான்யூ சதுக்கத்தில் ஏறினால் நகர மையத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம். ஆகவே இன்று பான்யூவில் வீடு பார்ப்பவர் அந்த நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் கிடைக்குமா என்று முதலில் பார்க்கட்டும்.

இன்னொரு சௌகரியம் குவாங்சோ தெற்கு ரயில் நிலையம். 7ஆம் தடத்தில் நேரே போய்விடலாம். அங்கிருந்து ஹாங்காங் மேற்கு கவ்லூனுக்கு வேக ரயில், ஒரு மணி நேரத்துக்கு முன்பின். ஊருக்கு ஹாங்காங் வழியாக விமானம் பிடிப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

குறை என்ன? இரவு. வாடிக்கையாளர்களோடு சாப்பிட்டு முடிக்கப் பதினொன்றரை ஆகிவிடும், மெட்ரோ முடியப் போகும், டாக்ஸிக்காரர் ஆற்றைத் தாண்ட வேண்டுமா என்று யோசிப்பார். தனியாக இருக்கும் இளைஞன் அங்கே போனால் மாலையில் எங்கேயும் வெளியே போக மாட்டான். "இவ்வளவு தூரம் போய்ட்டு வரணுமா" என்று படுத்துக்கொள்வான்.

என் மனைவி இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் பான்யூதான் ஜெயித்திருக்கும். மகளுக்கு விளையாட இடம், கீழே உட்கார்ந்து பேச நாலு இந்தியக் குடும்பம், சனிக்கிழமை சாம்பார் வாசனை. யுவேசியுவுக்கு மாறியது என் பிடிவாதம். பத்து கிலோ அரிசி மூட்டை மாடிப்படியில் ஏறும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவூட்டப்படும்.

பழைய நகரம்

யுவேசியு, லிவான், ஹைசூவின் மேற்கு ஓரம். வாடகைக் கணக்கில் பான்யூவுக்குச் சமம், இடத்தில் பாதி. நாங்கள் இப்போது இருப்பது டோங்ஷான்கோ பக்கத்தில் ஒரு எட்டு மாடிப் படிக்கட்டுக் கட்டடம், நான்காவது மாடி, இரண்டு அறை, 3,800. இப்படி லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் இந்த ஊரில் எக்கச்சக்கம். இப்போது பல கட்டடங்களுக்கு வெளிப்புறமாக லிஃப்ட் ஒட்டவைக்கிறார்கள். மேல் மாடிக்காரர்கள் பணம் போடத் தயார், முதல் மாடிக்காரர் வெளிச்சம் போகும் என்று கையெழுத்துப் போட மாட்டார். எங்கள் கட்டடத்தில் அந்தப் பேச்சு மூன்று வருடமாக நடக்கிறது.

வேலைக்குப் போவது இங்கிருந்துதான் மோசம். 1ஆம் தடம், 2ஆம் தடம், 8ஆம் தடம் என்று இரண்டு இடத்தில் மாற வேண்டும், 40 நிமிடம். வரைபடத்தில் பார்த்தால் ஆற்றுக்கு இந்தக் கரை, அந்தக் கரை, எரிச்சலாக இருக்கும்.

அப்படியிருந்தும் ஏன் இங்கே? கீழே இறங்கினால் சந்தை. அதில் நம் காய்கள் பாதி இருக்கின்றன. பீர்க்கங்காய், பாகற்காய், வெண்டைக்காய், வெண்பூசணி, தண்டுக்கீரை, சேனை இல்லாவிட்டாலும் சேம்பு. கீரை வாங்கினால் வெங்காயத்தாள் இரண்டு சும்மா போடுவார்கள், நம் ஊரில் கறிவேப்பிலை கொத்து போடுவது மாதிரி. கறிவேப்பிலைதான் இல்லை. அதற்குப் பால்கனியில் ஒரு தொட்டி வைத்திருக்கிறோம். இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் செடி தளதளவென்று வருகிறது. உளுந்து மட்டும் இந்தியச் சாமான் விற்பவரிடமிருந்து பார்சலில் வர வேண்டும்.

சந்தையில் என்னை 'லெங் சாய்' என்று கூப்பிடுவார்கள். அழகுப் பையன் என்று அர்த்தம். வழுக்கைத் தலையோடு 47 வயதில் முதல்முறை கேட்டபோது கூச்சமாக இருந்தது. எழுபது வயதுத் தாத்தாவையும் அப்படியே கூப்பிடுவதைப் பார்த்ததும் போய்விட்டது. நம் 'அண்ணே' மாதிரி ஒரு வார்த்தை, அவ்வளவுதான். என் சீன மொழி, கொஞ்சம் இந்த வட்டாரத்துக் கான்டனீஸ் எல்லாம் இந்தச் சந்தையில் பேரம் பேசி வந்தது. புதுநகரில் பணம் கொடுத்து வகுப்புக்குப் போய் வராதது, வெண்டைக்காய் முற்றலா என்று கேட்டுக் கேட்டு வந்தது. கான்டனீஸ் தெரிந்ததும் ஜோங்தாவில் விலையும் கொஞ்சம் இறங்கியது, ஆகவே அந்த 40 நிமிடப் பயணத்துக்கு ஒரு வழியாகக் கணக்குச் சரிக்கட்டிக்கொண்டேன்.

காலைத் தேநீர் இன்னொன்று. வயதானவர்கள் ஒரு பானைத் தேநீரும் இரண்டு தட்டுப் பலகாரமும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் நம் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையைத் தட்ட வேண்டும், நன்றி என்று அர்த்தம். சைவமாகச் சாப்பிடுகிறவர் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். முள்ளங்கிப் பலகாரத்துக்குள்ளும் இறைச்சித் துணுக்கு இருக்கும். ஆனால் சாங்ஃபென் என்று ஒன்று, அரைத்த அரிசி மாவைத் துணியில் ஊற்றி ஆவியில் வேகவைத்து உரித்துச் சுருட்டுவது. துணியைத் தூக்கி உரிக்கும் அந்த ஒரு நொடியில் அம்மாவின் இட்லிப் பானை ஞாபகம் வரும். உள்ளே ஒன்றும் வைக்காமல் கேட்டால் அப்படியே தருவார்கள்.

பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் பலவும் யுவேசியுவில்தான். 1835இல் தொடங்கிய ஆஸ்பத்திரியின் வழி வந்தது ஒன்று ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் என்றால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. பான்யூ பற்றிய பேச்சு வரும்போது என் பக்கத்தில் இருக்கும் ஒரே சீட்டு இதுதான்.

டோங்ஷான்கோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை: செங்கல் மாளிகைகள் இருக்கும் நான்கைந்து தெருக்களில் வார இறுதியில் போட்டோ எடுக்க இளசுகள் கூட்டம், காப்பிக்கடை வரிசை. அந்தத் தெருவில் எடுக்காதீர்கள், இரண்டு தெரு தள்ளி எடுங்கள்.

சுவர் வியர்க்கும் மாதம்

இனிச் சொல்லப் போவதுதான் நான் பார்த்தவரை வாடகையைவிட, மெட்ரோவைவிட முக்கியம். எந்தத் தரகரும் சொல்ல மாட்டார்.

பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை இங்கே ஒரு பருவம், 'ஹுய் நான் தியான்', தெற்குக் காற்று திரும்பும் காலம். குளிர்காலத்தில் சுவரும் தரையும் சில்லிட்டுக் கிடக்கும். தென் சீனக் கடலிலிருந்து திடீரென்று சூடான ஈரக்காற்று வரும். குளிர்ந்த சுவரில் பட்டதும் நீராகிவிடும். சுவர் வியர்க்கும், தரையில் தண்ணீர் நிற்கும், கண்ணாடியில் கோடு கோடாக வழியும். துவைத்த துணி ஒரு வாரம் காயாது.

லிவானில் எங்கள் முதல் வீடு முதல் மாடியில், வடக்குப் பார்த்தது. சல்லிசாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். மார்ச் வந்தது. வீடு ஈரமாகிவிட்டதே, காற்று வரட்டும் என்று எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். நம் ஊர் அறிவு அது. மாலையில் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா, ரப்பர் செருப்பும் கையில் ஒரு கொத்துச் சாவியுமாக வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். ஈரம் வருவதே வெளியிலிருந்துதான், ஜன்னலைச் சாத்தி ஈரம் உறிஞ்சும் மிஷினைப் போட வேண்டும். அதற்குள் அலமாரியில் நான் ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பருத்தி லேஸ் மாதிரிகள் முழுவதிலும் கறுப்புப் புள்ளி. வாங்குபவருக்கு அனுப்ப வேண்டிய மாதிரிகள் அவை.

ஆக மாடிக் கணக்கு இப்படி வருகிறது. புதுநகரின் முப்பதாவது மாடிக்கு ஈரத் தொல்லை குறைவு, புயலுக்குக் கொஞ்சம் ஆடும். பான்யூ நடுத்தரம், பெரிய குளம், தோட்டம் பக்கத்தில் கீழ் மாடி வேண்டாம். படிக்கட்டுக் கட்டடத்தில் கீழ் இரண்டு மாடியும் வேண்டாம், உச்சி மாடி வெயிலில் வறுக்கும், அதற்குப் படியும் ஏற வேண்டும். மூன்றாவது அல்லது நான்காவது, தெற்குப் பார்த்தது. குளிர்காலத்தில் தென் சீன வீடுகளில் பொதுச் சூடேற்றும் வசதி கிடையாது. எட்டு டிகிரியில் வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டு உட்கார வேண்டியிருக்கும். அப்போதும் தெற்கு வெயில்தான் கைகொடுக்கும்.

சிக்கல் என்னவென்றால் நம் ஆட்கள் பெரும்பாலும் வீடு பார்ப்பது அக்டோபர், நவம்பரில். வானம் நீலமாக, காற்று உலர்ந்து, ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கும். எந்த வீடும் நல்ல வீடாகத் தெரியும்.

மாப்பிள்ளையும் அக்டோபரில்தான் வருகிறான். 15ஆம் தேதி கண்காட்சி தொடங்கி நவம்பர் 4 வரை, ஹோட்டல் விலையெல்லாம் ஏறிக் கிடக்கும். ஆகவே அதுவரை எங்கள் ஹாலில் படுத்துக்கொள், அப்புறம் வீடு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆகாதவன், மூன்று வருடம் இருக்கப் போகிறவன், மொழி கற்றுக்கொள்ள வேண்டியவன். அவனுக்குப் பழைய நகரம். கல்யாணமாகிப் பெண் வந்தபின் பான்யூ பேச்சை அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

அக்டோபரிலும் மார்ச்சைக் கண்டுபிடிக்க வழி உண்டு. கட்டிலுக்குப் பின்பக்கச் சுவரில் டார்ச் அடித்துப் பார். மர அலமாரியைத் திறந்து உள்ளே மூக்கை நீட்டு. சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புது வெள்ளையாக இருந்தால் ஏன் என்று கேள். ஈரம் உறிஞ்சும் மிஷின் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேள். வீட்டுக்காரர் உடனே கை காட்டினால் அவர் நேர்மையானவர், வீடு ஈரமானது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"சரிங்க மாமா. அந்தப் பக்கத்துல இருந்து டவர் தெரியுமாங்க?"

மொட்டை மாடிக்குப் போனால் தெரியும் என்றேன். நுனி மட்டும்.